சிறுவேட்டைக்கு ஏற்ற சிறுதுப்பாக்கி எது?
கோல சிலாங்கூர்த் தோட்டப்புறத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தைப் பாடஞ்சொல்லும் தமிழாசிரியர் பலரும் வகுப்பில் எழும் ஒரு சிரிப்பொலியை அறிவர். அவ்வதிகாரத்தின் இரண்டாம் குறளில் 'துப்பாக்கி' என்னும் ஒலி வருகிறது. வள்ளுவர் காலத்திலேயே துப்பாக்கி இருந்ததா என்று ஒரு மாணவன் கேட்பான், மற்றவர் சிரிப்பர். அங்கே அது சுடுகருவியன்று. துப்பு என்பது உணவு. துப்பாக்கி என்பது 'உணவை உண்டாக்கி' எனப் பொருள்படும் தொடர். மழை உணவை ஆக்குகிறது என்பதே அங்குச் சொல்லப்படும் கருத்து. சுடுகருவியைக் குறிக்கும் துப்பாக்கியோ துருக்கி மொழியில் தோன்றி, பாரசீகம், இந்துஸ்தானி ஆகியவற்றின் வழியே நம்மிடம் வந்த சொல். ஒலியால் ஒன்று, பிறப்பால் வேறு.

எனினும், தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர்க்கு இவ்விரு சொற்களும் ஓரிடத்தில் சந்திப்பது புதிதன்று. தென்னங்குரும்பையை அணில் துளைக்கிறது. செம்பனைப் பழத்தை எலி கொறிக்கிறது. நெற்கதிரை எலி அறுக்கிறது. உணவைக் காக்கத் துப்பாக்கி வேண்டும் என்னும் எண்ணம் அப்பொழுது எழுகிறது. 'சிறுபிராணிதானே, அதற்கொரு சிறுதுப்பாக்கி போதுமே' என்று பலரும் கருதுவர். இந்தச் 'சிறு' என்னும் அடைமொழியே ஆராயத்தக்கது. கருவி சிறிதாயின் அதன் தீங்கும் சிறிதாகுமா? எந்த நிலத்திற்கு எந்தக் கருவி பொருந்தும்? இவ்வினாக்களுக்கு விடை காண, முதலில் நிலத்தையும், அடுத்துக் கருவியையும், பின்னர் அதன் ஆபத்தையும், சட்டத்தையும், இறுதியில் மாற்று வழியையும் முறையே காண்போம்.

நிலத்தின் இயல்பு

கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக் குன்று போன்ற ஒரு சில மேடுகளை விட்டால், சிலாங்கூரின் வடகரை பெரும்பாலும் தட்டையான நிலம். ஜெரமிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சபாக் பெர்ணம் வரையில் கடலோரச் சேற்றுமண்ணும், உள்ளே செல்லச் செல்லக் கரிச்சேற்று மண்ணுமாக விரிந்து கிடக்கிறது. நீர் வடிப்பதற்கும் பாய்ச்சுவதற்கும் வெட்டப்பட்ட கால்வாய்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. கடலோரத்தில் தென்னை, தஞ்சோங் காராங் பக்கம் நெல், உள்நிலத்தில் முன்பு பால்மரமும் இப்பொழுது பெரும்பகுதி செம்பனையும் பயிராகின்றன.

இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டு இம்மாவட்டத்தில்தான் அமைந்தது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி போகோனியே என்பவர் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே அதனை உருவாக்கினார். பத்தாங் பெர்ஜுந்தையின் இன்றைய பெயர் பெஸ்தாரி ஜெயா. போகோனியே பின்னர் மலேயா வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு புதினம் எழுதி, 1930இல் பிரான்சு நாட்டின் கோன்கூர்ப் பரிசையும் பெற்றார். அத்தோட்டத்தின் பெயர் 'தென்னமரம்'. ஆங்கில எழுத்தில் அதனைப் படிப்பவர்க்கு அது வெறும் பெயர். தமிழ் அறிந்தவர்க்கோ அதனுள் ஒரு மரம் நிற்கிறது.

செம்பனைகள் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில், நேர் வரிசைகளாக நடப்படுகின்றன. வரிசையின் ஒரு முனையில் நிற்பவர்க்கு நெடுந்தொலைவு வரை கண் செல்லும். ஆயினும் அடுத்த வரிசையில் குலை வெட்டுபவர் யார், உதிர்ந்த பழம் பொறுக்குபவர் யார் என்பது தெரியாது. தொங்கும் மட்டைகளும் அடுக்கி வைத்த மட்டைக் குவியல்களும் ஆளை மறைத்துவிடும். தோட்டத்தின் நடுவே லயத்து வீடுகள், கோவில், பள்ளிக்கூடம், பந்துத் திடல் என மக்கள் புழங்கும் இடங்கள் அமைந்திருந்தன. பல தோட்டங்களில் இன்றும் அமைந்துள்ளன. இந்நிலத்தின் இரு தன்மைகளை வாசகர் நினைவிற் கொள்க: ஒன்று, குண்டைத் தடுத்து நிறுத்தும் மலையோ மேடோ இங்குப் பெரும்பாலும் இல்லை, மற்றொன்று, எத்திசையிலும் சிறிது தொலைவில் மனிதர் உளர்.

விளிம்படித் தோட்டா

சிறுவேட்டைக்கென உலகெங்கும் பெயர்பெற்ற துப்பாக்கி .22 எனப்படும் ரைபிள் ஆகும். 0.22 அங்குலம் என்பது குழல்வாயின் அளவு, மில்லிமீட்டரில் 5.6 எனலாம். ரைபிள் என்பது புரிகுழல் துப்பாக்கி. அதன் குழலின் உட்புறத்தில் திருகுபோல் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அப்புரிகள் குண்டைச் சுழலச் செய்கின்றன. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோல, சுழலும் குண்டும் நிலைகுலையாது நேரே செல்கிறது. .22 ரைபிளில் பெரும்பாலும் 16 அங்குல நீளத்திற்கு ஒரு சுற்று என்னும் கணக்கில் புரி அமையும்.

இதன் தோட்டா தனித்தன்மையுடையது. பெரிய ரைபிள்களின் தோட்டாவில் அடிப்பாகத்தின் நடுவே தீப்பற்றும் மருந்து தனிச் சிமிழாகப் பதிக்கப்பட்டிருக்கும். அதனை நடுவடித் தோட்டா எனலாம். .22 தோட்டாவிலோ அம்மருந்து பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பினுள் வளையமாகப் பரவியுள்ளது. துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியவுடன் மருந்து தீப்பற்றுகிறது. ஆகவே இதனை விளிம்படித் தோட்டா என்போம். விளிம்பு நசுங்க வேண்டுமாயின் பித்தளை மெல்லியதாக இருத்தல் வேண்டும்; மெல்லிய கூடு மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. எனவேதான் இவ்வகைத் தோட்டாக்கள் சிறிய அளவிலேயே நிலைத்தன. ஒருமுறை சுட்ட கூட்டில் மீண்டும் மருந்திட்டுப் பயன்படுத்தலும் இயலாது. விலை மலிவு, ஓசை குறைவு, பின்னுதைப்பு மிகச் சிறிது என்பன இதன் சிறப்புகள்.

பாரிசு நகரத்துப் புளோபேர் என்பார் 1845ஆம் ஆண்டளவில் வீட்டுக் கூடத்திலேயே குறிபார்த்து விளையாட ஒரு சிறு தோட்டாவை அமைத்தார். அதன் வழிவந்த .22 'ஷார்ட்' என்னும் குறுந்தோட்டாவை 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெசன் நிறுவனம் வெளியிட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் .22 'லாங் ரைபிள்' தோட்டா 1887இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. இச்சிறு தோட்டா கூடத்து விளையாட்டுப் பொருளாகப் பிறந்தமையாலோ என்னவோ, அதனை விளையாட்டாகவே கருதும் மனப்பான்மையும் உடன்பிறந்து வந்துவிட்டது.

வகைகளும் அவற்றின் பயனும்

சிறுவேட்டைக்கு விளிம்படி ரைபிள் ஒன்றைத் தேர்ந்தெடுப்போர் முதலில் தோட்டாவின் வகையை முடிவு செய்தல் வேண்டும். ரைபிள் அதன்பின் வருவது.

லாங் ரைபிள் தோட்டாவின் குண்டு பெரும்பாலும் 40 கிரெய்ன் எடையுள்ளது, அஃதாவது 2.6 கிராம். குழலை விட்டு நொடிக்கு 320 முதல் 380 மீட்டர் வேகத்தில் புறப்படும். ஒலியின் வேகம் நம் வெப்பநாட்டில் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். அதனினும் மெல்லச் செல்லும் குண்டு 'படீர்' என்னும் வானொலியை எழுப்பாது. காற்றில் அலைக்கழிவதும் குறைவு. அணில், முயல் போன்றவற்றை 50 மீட்டருக்குள் வீழ்த்த மெல்லச் செல்லும் தோட்டாவே போதுமானது; குறியும் பெரும்பாலும் அதிலேதான் நன்கமையும்.

1959இல் வந்த .22 'மேக்னம்' தோட்டாவில் அதே எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 580 மீட்டர் வேகத்தில் செல்லும். 2002இல் வந்த .17 தோட்டாவின் குண்டு 1.1 கிராமே உள்ளது. ஆயினும் வேகம் நொடிக்கு 770 மீட்டரைக் கடக்கிறது. இவை நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள பிராணிக்கு ஏற்றவை. அருகில் சுட்டால் சிறுபிராணியின் இறைச்சி சிதைந்து உண்ணத்தகாததாகிவிடும். மேக்னம் தோட்டா லாங் ரைபிள் குழலில் நுழையாது. லாங் ரைபிள் தோட்டா மேக்னம் குழலில் நுழையுமாயினும் தளர்வாக நின்று, சுடும்பொழுது கூடு பிளக்கக்கூடும். ஆகலின், குழலின்மேல் பொறித்துள்ள தோட்டாவின் பெயரைப் படித்து, அதனையன்றிப் பிறிதொன்றை இடாதிருத்தல் வேண்டும்.

குண்டின் முனையையும் நோக்குதல் வேண்டும். உருண்டை முனையுள்ள திண்குண்டு ஊடுருவிச் செல்லும். இறைச்சியைக் கெடுப்பது குறைவு. ஆனால் உயிர் உடனே போகாது பிராணி ஓடி ஒளிந்து துன்புறலாம். முனையில் குழியுள்ள குண்டு உள்ளே விரிந்து விரைவில் உயிரைப் போக்கும். கொல்வதென முடிவு செய்தபின் நெடுநேரம் துன்புறுத்தாமல் கொல்வது வேடனின் முதற்கடமை. எனவே தலையைக் குறிவைக்கும் திறன் இல்லாதவர்க்குக் குழிமுனைக் குண்டே தக்கது.

அடுத்து, ரைபிளின் இயக்கமுறை. ஒற்றைத் தோட்டா இடுவது, தாழை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் முறை, நெம்புகோல் முறை, முன்கட்டையை இழுத்து ஏற்றும் பம்பு முறை, ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்பொழுதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் தானியங்கு முறை எனப் பலவாறு உண்டு. 1964இல் வந்த ரூகர் 10/22 தானியங்கு வகையுள் உலகறிந்தது. கற்போர்க்கும் கவனமாகச் சுடுவோர்க்கும் போல்ட் முறையே சிறந்தது. தாழைத் திறந்து வைத்தால் குழல் வெறுமையாயுள்ளதை உடனிருப்போர் அனைவரும் கண்ணால் காணலாம். இரண்டாம் முறை சுடுமுன் சற்றே காலம் தாழ்த்துவதால் சிந்திக்கவும் இடம் உண்டு. தானியங்கு வகையில் முதற்குண்டு தவறியவுடன் பதற்றத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் பறந்துவிடும்.

குழலின் நீளம் 16 முதல் 20 அங்குலம் இருப்பின் போதும். அதற்குமேல் நீண்டாலும் வேகம் மிகுவதில்லை. கட்டை தோளுக்கும் கண்ணுக்கும் பொருந்த வேண்டும். கழுத்தை நீட்டியோ வளைத்தோ குறிபார்க்கும்படி இருப்பின் அந்த ரைபிள் அவருக்குரியதன்று. விசை இடறாமல், எதிர்பாராது பறிந்துவிடாமல், சீராக இழுபட வேண்டும். பாதுகாப்புப் பூட்டு உறுதியாக இருக்க வேண்டும். ஆயினும் பூட்டை நம்பிக் குழலை ஆள்மேல் திருப்புவோன் துப்பாக்கி தொடத் தகுதியற்றவன்.

இறுதியாக ஒரு சோதனை. ஒரே வகையான தோட்டாவை ஒரு ரைபிள் விரும்பும். அதே அளவுள்ள மற்றொன்று வெறுக்கும். ஆதலால் நாலைந்து நிறுவனங்களின் தோட்டாவை வாங்கி, சுடுதிடலில், தாங்குகட்டைமேல் வைத்து, 50 மீட்டரில் ஐந்தைந்து குண்டாகச் சுட்டுப் பார்த்தல் வேண்டும். அணிலின் தலை ஏறத்தாழ 3 செ.மீ. அகலமே உள்ளது. ஐந்து குண்டும் அவ்வட்டத்துள் அடங்கினால் அந்த ரைபிளும் அத்தோட்டாவும் ஏற்றவை. 50 மீட்டருக்குக் குறி சரிசெய்த லாங் ரைபிள் குண்டு 100 மீட்டரில் 15 முதல் 20 செ.மீ. வரை தாழ்ந்துவிடும்; பக்கக்காற்று வேறு அதனைத் தள்ளும். எனவே சிறுவேட்டைக்கு இதன் எல்லை 50 மீட்டர். தேர்ந்தவர் கையில் 75 மீட்டர். காட்டுப்பன்றியை இதனால் சுடுதல் பெருந்தவறு. அது சாகாது, காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து துடிக்கும், தேடிச் செல்வோரையும் தாக்கும்.

குண்டு நிற்பது எங்கே?

இதுவரை கண்டவை கருவியைப் பற்றியவை. அவற்றை மட்டும் படித்து ஒருவர் கடைக்குச் சென்றால், சிறுவேட்டைக்கு .22 போன்ற கருவி பிறிதில்லை என்றே முடிவு செய்வர். திறந்த புல்வெளியும், பின்னே உயர்ந்த மண்மேடும் உள்ள நாட்டிற்கு அம்முடிவு சரியே. கோல சிலாங்கூருக்கு அது சரியா என்பதே நம் வினா.

50 மீட்டரில் பயன் முடிந்துவிடும் அக்குண்டு 50 மீட்டரில் நின்றுவிடுவதில்லை. .22 தோட்டாப் பெட்டிகளிலேயே, ஒன்றரை மைல் வரை ஆபத்து உண்டு என்னும் எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. ஒன்றரை மைல் என்பது 2.4 கிலோமீட்டர். தோட்டத்தின் நடுவில் நின்று எத்திசையில் 2.4 கிலோமீட்டர் அளந்தாலும் ஒரு லயத்தையோ, பாதையையோ, பள்ளியையோ, அடுத்த தோட்டத்துப் பாட்டாளியையோ அடையாதிருப்பது அரிது.

அணில் எங்கே இருக்கிறது? மரத்தின் உச்சியில். புறா எங்கே? கிளையில். அவற்றைச் சுடுவோன் குழலை மேல்நோக்கித் திருப்புகிறான். தவறிய குண்டுக்குப் பின்னே வானம் மட்டுமே உள்ளது. அது எங்கு விழும் என்று அவன் அறியான். விழுந்த இடத்திலுள்ளோர் யார் சுட்டது என்று அறியார். எலியோ தரையில் இருக்கிறது. தரையை நோக்கிச் சுட்டால் ஆபத்தில்லையே எனலாம். உருண்டை முனையுள்ள மெல்வேக ஈயக்குண்டு கெட்டியான தரையிலும், கல்லிலும், சிறப்பாக நீர்ப்பரப்பிலும் பட்டுத் தெறிப்பதில் பெயர்பெற்றது. சிறுவர் தட்டைக்கல்லை எறிந்து குளத்தில் துள்ளவிடுவது போல, கால்வாய் நீரில் தாழ்ந்து பட்ட குண்டு துள்ளி எழுந்து திசைமாறிச் செல்லும். கால்வாய்கள் நிறைந்த நாட்டில் இது சிறிய செய்தியன்று.

வேட்டைக்கு உகந்த நேரம் விடியலும் அந்தியும். விடியலில் வெட்டுக்காரர் வரிசைக்குள் இறங்கிவிடுவர். பனிமூட்டத்தில் மட்டை அசைந்தால் அசைத்தது பிராணியா ஆளா என்று எவ்வாறு சொல்வது? உலக நாடுகள் அனைத்திலும் வேட்டை கற்பிப்போர் முதற்பாடமாகச் சொல்வது இதுதான்: இலக்கைத் தெளிவாகக் காண்க, அதற்கு அப்பால் உள்ளதையும் காண்க. தட்டை நிலத்துச் செம்பனை வரிசையில் இலக்குக்கு அப்பால் உள்ளதைக் காணவியலாது. காணவியலாத இடத்தில் சுடலாகாது என்பதே அப்பாடத்தின் முடிவு.

இதனோடு ரவைத் துப்பாக்கியை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். ரவைத் துப்பாக்கியின் குழலில் புரி இல்லை. ஒரு தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு ரவைகள் கூட்டமாகப் பறக்கும். அவை இலகுவானவை, காற்று அவற்றை விரைவில் நிறுத்திவிடுகிறது. ஒரு ரவையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200ஆல் பெருக்கினால், அது செல்லக்கூடிய மிகுதொலைவு கஜத்தில் கிடைக்கும் என்பது சுடுவோர் வழங்கும் பழங்கணக்கு. 6ஆம் எண் ரவையின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஏறத்தாழப் பத்திலொன்று. எனவே அது செல்லும் எல்லை 200 முதல் 250 கஜம். பயன் தரும் எல்லை 35 அல்லது 40 கஜம். மேல்நோக்கிச் சுட்டாலும் விழும் ரவை பெருந்தீங்கு விளைப்பதில்லை. ஓசை பெரிது, உதைப்பு பெரிது, பார்ப்பதற்கும் அச்சம் தருவது. ஆயினும் தட்டை நிலத்தில் தொலைவிலுள்ளார்க்கு அதனால் வரும் ஆபத்து, ஓசை சிறுத்த.22ஐ விடப் பன்மடங்கு குறைவு. பெருந்துப்பாக்கி என்று நாம் அஞ்சுவது சிறிதே செல்கிறது. சிறுதுப்பாக்கி என்று நாம் எளிதாக எண்ணுவது நெடுந்தொலைவு செல்கிறது. 'சிறு' என்னும் அடைமொழி நம்மை ஏமாற்றும் இடம் இதுவே.

சட்டமும் நம்மவர் பட்டறிவும்

மலேசியாவில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது வாங்குவோன் விருப்பத்தோடு முடிவதன்று. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றி எவரும் சுடுகருவி வைத்திருத்தல் கூடாது. உரிமம் வழங்குவதும் மறுப்பதும் மாநிலத் தலைமைப் போலீஸ் அதிகாரியின் பொறுப்பு. பயிர்க்காவலுக்கென நாட்டுப்புறத்தார் பெறும் உரிமம் பெரும்பாலும் ரவைத் துப்பாக்கிக்கே. காற்றுத் துப்பாக்கி வெறும் விளையாட்டுப் பொருள், அதற்கு உரிமம் வேண்டா என்று எண்ணுவோர் உளர். அஃது பிழை. அச்சட்டம் 'ஆயுதம்' என்னும் சொல்லுக்குக் கூறும் விளக்கத்தில் காற்றுத் துப்பாக்கியும் அடங்கும். 1971ஆம் ஆண்டின் சட்டமோ சட்டவிரோதமாகச் சுடுகருவி வைத்திருப்போர்க்குப் பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. வீட்டிலேயே குழாயை வைத்துச் செய்த நாட்டுத் துப்பாக்கிக்கும் இது பொருந்தும்.

கருவிக்கு உரிமம் இருப்பினும் பிராணியைக் கொல்லத் தனியே உரிமை வேண்டும். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சில உயிர்களை உரிமத்தோடு மட்டுமே வேட்டையாட விடுகிறது. சிலவற்றைத் தொடவே விடுவதில்லை. அழுங்கு என நாம் வழங்கும் எறும்புத்தின்னி முற்றாகக் காக்கப்பட்ட உயிர்களுள் ஒன்று. காட்டுயிரைப் பிடிக்கச் சுருக்குக் கண்ணி வைப்பதும் குற்றமே. எந்த உயிர் எந்தப் பட்டியலில் உள்ளது என்பதை வனவிலங்குத் துறையிடம் கேட்டறிந்த பின்னரே எதனையும் செய்தல் வேண்டும்.

தோட்டத் தமிழரிடம் துப்பாக்கி என்றும் பெருகியிருந்ததில்லை. துப்பாக்கி துரை வீட்டுச் சுவரில் தொங்கியது. பாட்டாளி வீட்டுப் பையனிடம் இருந்தது கவைக்கொம்பில் ரப்பர்ப்பட்டை கட்டிய கருவி; மலாய் மொழியில் அதற்கு 'லாஸ்டிக்' என்று பெயர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் துப்பாக்கி என்னும் சொல்லே உயிரை நடுங்கவைத்தது. அனுமதியின்றி ஆயுதம் ஏந்தினால் தூக்குத்தண்டனை என்பது அக்கால விதி. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி, 1949 மார்ச்சு மாதத்தில் ரவாங் வட்டாரத்தில் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, அவ்வாண்டு மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ரவாங் இங்குள்ள தோட்டங்களுக்கு அண்மையிலுள்ள ஊர். நம் முதியோர் பலர் துப்பாக்கி என்றதும் குரலைத் தாழ்த்திப் பேசியதற்குக் காரணம் இத்தகைய நினைவுகளே. அவர்கள் அச்சம் வேறு காலத்தது. எனினும் அதனுள் இருந்த எச்சரிக்கை இன்றும் நமக்கு வேண்டுவதே.

உணவைக் காக்கும் வேறு வழி

சங்ககாலத்துக் குறிஞ்சிப் பெண்கள் தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து கிளி ஓட்டினர். தட்டை என்னும் ஓசைக்கருவியும் கவண்கல்லும் அவர்தம் கருவிகள். அவர்கள் நோக்கம் கிளிகளைக் கொன்று தீர்ப்பதன்று; கதிரைக் காப்பது. இந்த வேறுபாடு பெரிது. எத்தனை கொன்றோம் என்று எண்ணுவது வேட்டை. எவ்வளவு விளைச்சல் தப்பியது என்று எண்ணுவது பயிர்க்காவல். எலியின் பெருக்கத்திற்குமுன் துப்பாக்கி தோற்றுவிடும். இரவில் பத்து எலியைச் சுட்டாலும் காலியான வளையில் வேறு எலி குடியேறும்.

எலியை எண்ணிக்கையில் வெல்லக்கூடிய வேட்டுவர் ஒருவர் உளர். அவருக்கு உரிமமும் வேண்டா, தோட்டாவும் வேண்டா. வெண்முகமுடைய கூகையே அவர். இந்நாட்டில் அரிதாகக் காணப்பட்ட அப்பறவை, 1960களின் இறுதியில் ஜொகூரின் செம்பனைத் தோட்டமொன்றில் குஞ்சு பொரித்தது பதிவாயிற்று. அதன்பின் அறிஞர்கள் அதன் உணவை ஆராய்ந்து, பெரும்பகுதி எலியே என்று கண்டனர். ஓர் இணை தன் குஞ்சுகளோடு ஆண்டில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்பது கணக்கு. கூகை மரப்பொந்தில் வாழ்வது, செம்பனையில் பொந்தில்லை. எனவே கம்பத்தின்மேல் பெட்டி அமைத்துக் கொடுக்கும் வழக்கம் தோட்டங்களில் பரவியது. தஞ்சோங் காராங் நெல்வயல்களிலும் அத்தகைய பெட்டிகள் நாட்டப்பட்டன.

இதற்கு இரு பகைகள் உண்டு. ஒன்று நஞ்சு. கடுமையான புதுவகை எலி நஞ்சைத் தின்ற எலியை உண்ட கூகையும் மடிகிறது. துப்பாக்கியும் இதில் சேரும். ஈயக்குண்டு பட்டுக் கிடக்கும் எலியைத் தின்னும் பறவையின் உடலிலும் ஈயம் சேர்கிறது. மற்றொரு பகை நம் மனத்தில் உள்ளது. கூகை அலறினால் சாவு என்று அஞ்சி அதனைக் கல்லால் அடித்து விரட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. நம் உணவைக் காக்க இரவெல்லாம் விழித்திருக்கும் பறவையை நாமே அடித்துக் கொன்றுவிட்டு, எலி பெருகிற்று என்று துப்பாக்கி தேடுவது அறிவுடைமையாகாது. இதனை மாணவர் உள்ளத்தில் பதிப்பது தமிழாசிரியர் செய்யத்தக்க நற்பணி.

தேர்வின் முறை

கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். சிறுவேட்டைக்குத் துப்பாக்கி தேர்வோன் முதலிற் கேட்க வேண்டியது 'எந்த ரைபிள்?' என்பதன்று. 'குண்டு தவறினால் எங்கே நிற்கும்?' என்பதே முதல் வினா. 'கொல்ல நினைக்கும் உயிரைக் கொல்லச் சட்டம் விடுகிறதா?' என்பது இரண்டாவது. 'கொல்லாமல் பயிரைக் காக்க வழியில்லையா?' என்பது மூன்றாவது. இம்மூன்றிற்கும் விடை கிடைத்த பின்னரே தோட்டா, இயக்கமுறை, குழல், கட்டை, விசை என்பன பற்றிய ஆராய்ச்சிக்கு இடமுண்டு.

பின்னே மண்மேடு உயர்ந்த சுடுதிடலில், உரிமத்தோடு, குறிபார்க்கும் கலையைப் பயில்வோர்க்குப் போல்ட் முறை .22 ரைபிளும் மெல்வேகத் தோட்டாவும் சாலச் சிறந்தவை. அதனினும் நல்ல ஆசான் இல்லை. தட்டையான தோட்டத்தில் உரிமத்தோடு பயிர்க்காவல் புரிய நேர்ந்தோர்க்குச் சிறுரவை இட்ட ரவைத் துப்பாக்கியே தக்கது. அதுவும் ஆள் நடமாட்டம் இல்லையென உறுதி செய்த பின்னரே. எலிக்கோ பொறியும் கூகைப்பெட்டியுமே போதும்.

அடுத்த முறை வான்சிறப்பை நடத்தும்பொழுது மாணவன் ஒருவன் அவ்வினாவைக் கேட்டுச் சிரித்தால், ஆசிரியர் அவனை அதட்ட வேண்டா. துப்பை ஆக்குவது மழை. ஆக்கிய துப்பைக் காப்பது மனிதன் கடமை. காக்கின்ற கை பிறர் உயிருக்குக் கேடு செய்யலாகாது என்று சொல்லிக் கொடுக்கலாம்.